திருமதி கெரட்டிக்கு வாசித்துக் காட்டிய கடிதம்

1893 செப்டம்பர் 24, ஞாயிறு
ஹார்வெல் நகரம், மாசச்சூசெட்ஸ்

எங்கள் ஊர் மானிப்பாயிலிருந்து கொண்டுவந்த நாட்குறிப்புக் கொப்பி எழுதி முடிந்துவிட்டது. இது புதியது.

அமெரிக்கா வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வைத்தியம் படிக்க வந்தேன். என்னைப் படிப்பிக்க ஒப்புக்கொண்டிருந்த கனவானின் வங்கி இந்த வருட நடுவில் முறிந்தது. நாடு முழுக்க வங்கிகள் முறிகின்றன. புகையிரத நிலையத்தில் வேலை இழந்தவர்கள் மூட்டையோடு படுத்துக் கிடக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவனாகாமல் காப்பாற்றியவர் மிஸ்டர் தார்ன்பெரி. எங்கள் தேவாலய சபையின் மூப்பர். இந்த நகரத்தின் பெரிய நெசவாலை அவருடையது. அந்த ஆலைக் கந்தோரில் கடிதங்களையும் கணக்குகளையும் பிரதி எடுக்கும் எழுத்தன் நான். "ஒரு வருசம் பொறும், முத்துக்குமாரு. உம்மைப் பிலதெல்பியாவுக்குப் படிக்க அனுப்பிறது என்ர பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார்.

தங்குவது ஆலைக்குச் சொந்தமான செங்கல் வீடு ஒன்றில். வீட்டுக்காரி திருமதி நோரா கெரட்டி, அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்க விதவை. அவருடைய ஒரே மகள் டீலியா ஆலையில் ஆறு தறி பார்க்கிறாள். தாய்க்கு எழுத்து வாசனை இல்லை. மகள் நன்றாக வாசிப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு தாய்க்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். இவர்கள் பேசுவது ஆங்கிலம்தான். நான் எங்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதும்போது வெளியூரில் இருப்பதை மறக்க முடிகிறது.

இந்த வீட்டில் என்னைத் தங்க வைத்தவர் ஆலை மேற்பார்வையாளர் மிஸ்டர் க்ரேன். "மேசையிலை என்ன கதைக்கினம் எண்டு இடைக்கிடை எனக்குச் சொல்லும்" என்றார். இதில் பிழை இல்லை. ஊரில் கிராம அதிகாரியான விதானையாரும் அப்படித்தான் விசாரிப்பார்.

அக்டோபர் 3

சப்பாத்துக்குப் புது அடித்தோல் போட்டேன். டீலியாவுக்கு இன்று மறுபடியும் தண்டம் விதித்திருக்கிறார்கள், துணியில் ஒரு நூல் விட்டதற்காக. தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியபடி வந்து உட்கார்ந்தாள். "முப்பது யார் துணி நெய்தன், ஒரு நூலுக்குக் கண்ணாடி வைச்சுப் பாக்கினம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு வெகுநேரம் இருமினாள்.

அக்டோபர் 16, திங்கள்

மிஸ்டர் தார்ன்பெரி மாநிலச் செனட்டுக்கு நிற்கிறார். நவம்பர் 7 தேர்தல். நகரம் எங்கும் அவர் முகம் ஒட்டியிருக்கிறது. "எங்கள் ஆலையில் கூலி குறையாது" என்று அதன் கீழ் பெரிய எழுத்து.

இன்று மிஸ்டர் க்ரேன் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ஓர் அறிவித்தலை அழகான எழுத்தில் எட்டுப் பிரதி எடுக்கச் சொன்னார். நவம்பர் 13ஆம் திகதி முதல் எல்லோருக்கும் கூலி பத்தில் ஒன்று குறையும். ஆறு தறி பார்ப்பவர் இனி எட்டுத் தறி பார்க்க வேண்டும். "இது என்ர மேசை லாச்சியிலையும் உம்மட மண்டைக்குள்ளையும் மட்டும் இருக்க வேணும்" என்றார்.

இரண்டு பிரதிகள் முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத அனுமதி தந்தார்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கால்வாய் ஓரமாக டீலியாவோடு நடந்தேன். ஆலை ஓடாத நாளில் தண்ணீர் அசையாமல் கறுப்பாகக் கிடக்கிறது. பாதை வழுக்கியது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீல நிறத் தொப்பி. ஊரில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். நான் சொல்வதை இந்த நாட்டில் ஒருவர் இவ்வளவு நேரம் கேட்டது இதுவே முதல் தடவை.

பிறகு அறிவித்தலைப் பற்றிச் சொன்னேன்.

அவள் நின்றுவிட்டாள். "உண்மையாவோ?" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்து, "இதைச் சொன்னதுக்கு நான் உங்களை மறக்க மாட்டன்" என்றாள்.

அவளுக்குத் தெரிய உரிமை உண்டு என்பதால்தான் சொன்னேன்.

அக்டோபர் 26, வியாழன்

இன்று டீலியாவிடம் ஒரு விஷயம் கேட்டேன். வைத்தியப் படிப்பு முடிந்ததும் எனக்கு நல்ல நிலை வரும், அதுவரை அவள் காத்திருக்கச் சம்மதமா என்று. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் முத்து, நீங்கள் நல்ல மனிசன். ஆனால் எனக்கு அந்த எண்ணம் இல்லை. கோவிக்கக்கூடாது" என்றாள்.

கோபம் எதற்கு? எனக்கும் பெரிய எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. கெரட்டி குடும்பம் எங்கே, எங்கள் குடும்பம் எங்கே.

நான் மாடிக்குப் போன பிறகு கீழே குசினியில் தாயும் மகளும் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேறு எதற்காவது சிரித்திருப்பார்கள்.

அக்டோபர் 28, சனி

நகரப் பூங்காவில் மிஸ்டர் தார்ன்பெரியின் கூட்டம். பாண்டு வாத்தியம், கொடி, குழந்தைகளுக்கு இனிப்பு. ஆலை மதியத்தோடு நிறுத்தப்பட்டிருந்தது. அவர் பேசத் தொடங்கியதும் நெசவுப் பெண்கள் நாற்பது பேர் மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். சத்தம் போடவில்லை. டீலியா மட்டும் கேட்டாள்:

"ஐயா, நவம்பர் பதின்மூண்டாம் திகதி ஒட்டப்போற அறிவித்தலிலை என்ன எழுதியிருக்கு?"

அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார் மிஸ்டர் தார்ன்பெரி. பத்தில் ஒன்று, எட்டுத் தறி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் எழுத்தில் இருந்த வசனங்கள், ஒரு சொல் மாறாமல். மிஸ்டர் க்ரேன் கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது.

அக்டோபர் 30, திங்கள்

மிஸ்டர் க்ரேன் கேட்டார். கத்தவில்லை. நகம் வெட்டிக்கொண்டே கேட்டார். "அறிவித்தலைப் பாத்தது மூண்டு பேர். முதலாளி, நான், நீர். முதலாளி சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை."

கல்லூரி, பிலதெல்பியா, ஊரில் காத்திருக்கும் என்னைப் பெற்ற ஐயா, எல்லாம் ஒரே கணத்தில் மனதில் வந்து போயின.

நான் உண்மையை மட்டுமே சொன்னேன். இரண்டு பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவற்றை மேசை லாச்சியில் வைத்தேன். சனிக்கிழமைகளில் என் அறையைக் கூட்டித் துடைப்பவள் மிஸ் கெரட்டி. இந்த மூன்று வசனங்களிலும் பொய் கிடையாது.

"அப்ப களவு" என்றார் மிஸ்டர் க்ரேன். அது அவர் போட்ட சொல்.

அக்டோபர் 31

டீலியாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தறியை நிறுத்தச் சொல்லி, மற்றப் பெண்கள் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களாம். கள்ளி என்று சொன்னார்களாம். உண்மையில் யார் சொன்னது, பெயரைச் சொன்னால் தறி திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மாலையில் படிக்கட்டில் என்னைத் தடுத்து நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்: "உங்கட பேரை நான் சொல்லேல்லை. சாகும்வரைக்கும் சொல்ல மாட்டன். பயப்பிடாதேயுங்கோ."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

நவம்பர் 8

மிஸ்டர் தார்ன்பெரி வென்றுவிட்டார். ஐரிஷ்காரர் நிறைந்த எட்டாம் வட்டாரத்திலும் அவருக்கே வாக்கு அதிகம். அந்த வட்டாரத்து எதிர்க்கட்சித் தலைவர் போன கிழமை மிஸ்டர் க்ரேனைப் பார்க்க வந்திருந்தார். சுருட்டுப் பெட்டியோடு வெளியே போனார். கந்தோரில் எல்லோருக்கும் கேக்கும் கோப்பியும் தந்தார்கள்.

நவம்பர் 13

அறிவித்தல் ஒட்டப்பட்டது. எழுத்து மிக நேர்த்தி என்று மிஸ்டர் க்ரேன் பாராட்டினார்.

நவம்பர் 21

நெசவுப் பெண்கள் நாலு நாள் வேலைக்கு வராமல் நின்றார்கள். ஐந்தாம் நாள் வந்துவிட்டார்கள். வேலை தேடி நிலையத்தில் கிடப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கும்போது வேறு என்ன நடக்கும்?

டீலியாவின் பெயர் ஒரு பட்டியலில் ஏறியிருக்கிறது. அதைப் பிரதி எடுத்ததும் நான்தான். பக்கத்து நகரங்களின் ஆலைகளுக்கெல்லாம் அனுப்பினோம். அவள் ஐந்து வாசலில் கேட்டாளாம். ஐந்திலும் பெயரைக் கேட்டதும் கதவு மூடிவிட்டது. இன்று காலை அறுபது மைல் தள்ளியிருக்கும் பிரென்டன் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே மேரி டொலன் என்று பெயர் சொல்லப் போகிறாளாம். தாயும் நானும் எட்டாம் வட்டாரத்துக் கத்தோலிக்கச் சுவாமியாரும்தான் இதை அறிவோம்.

போகும்போது, "அம்மாவுக்குக் கடிதம் வாசிச்சுக் காட்டுறது இனி உங்கட வேலை, மிஸ்டர் முத்து" என்றாள்.

ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கு ஆலை வீடு கிடையாது. நான் இருப்பதால்தான் திருமதி கெரட்டியை விட்டுவைத்திருக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிசம்பர் 10, ஞாயிறு

கடும் பனி. யன்னல் கண்ணாடியின் உட்பக்கமும் உறைந்திருக்கிறது. டீலியாவுக்குப் பிரென்டனில் ஓர் ஆலையில் தறி கிடைத்திருக்கிறது. கடிதத்தைத் தாய்க்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல மறுமொழியும் எழுதினேன். "கம்பளிக் காலுறை போடு, கழுத்தை மூடு, கோப்பியைக் குறை." முழுப் பக்கமும் இதுதான்.

டிசம்பர் 19

மிஸ்டர் க்ரேன் கேட்டார்: "அந்தப் பெட்டை இப்ப எங்கை? கடிதம் ஆர் எழுதிக் குடுக்கிறது? நீர்தானே?"

பொய் சொல்வது பாவம். நேராகக் கேட்டார், நேராகச் சொன்னேன்.

பின்னேரம் மிஸ்டர் தார்ன்பெரி என்னை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணி தந்தார். பிலதெல்பியா வைத்தியக் கல்லூரித் தலைவர் பெப்ரவரியில் பொஸ்டன் வருவார், என்னைப் பார்ப்பார் என்றார். மனதுக்கு மிக இனிய நாள்.

1894 ஜனவரி 7, ஞாயிறு

டீலியாவின் கடிதம். நத்தார் பண்டிகைக்கு மறுநாள் அவளை ஆலையிலிருந்து வெளியேற்றிவிட்டார்களாம். "உன் பெயர் டொலன் இல்லை" என்று சொன்னார்களாம். இப்போது ஒரு சலவைச் சாலையில் வேலை. ஈர நிலவறையில் படுக்கை. இதை உள்ளபடியே தாய்க்கு வாசித்துக் காட்டினேன்.

திருமதி கெரட்டி கரண்டியைக் கீழே வைத்தார். "ஆர் சொல்லியிருப்பினம்? எனக்கும் உங்களுக்கும் சுவாமியாருக்கும் மட்டும்தானே தெரியும்."

சுவருக்கும் காது உண்டு என்றேன்.

ஜனவரி 29

காலுறை தோய்த்தேன். உடற்கூற்று நூல் நாற்பது பக்கம்.

பெப்ரவரி 21, புதன்

திருமதி கெரட்டி கடிதத்தைக் கந்தோர் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார், தலையில் சால்வைகூட இல்லாமல். "உறையிலை இருக்கிறது பிள்ளையின்ர எழுத்து மாதிரி இல்லை. கெதியா வாசியுங்கோ தம்பி."

பிரென்டன் ஏழையர் வைத்தியசாலைத் தலைமைத் தாதியின் கடிதம். மேரி டொலன் என்று சேர்க்கப்பட்டவர் தன் உண்மைப் பெயர் டீலியா கெரட்டி என்று சொல்கிறார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. தாயார் உடனே வருவது நல்லது. தாயாருக்குத் தனியாகப் புகையிரதம் ஏறத் தெரியாது. வீட்டில் தங்கியிருக்கும் மிஸ்டர் முத்து அழைத்து வருவார் என்று நோயாளி உறுதியாக நம்புகிறார்.

கல்லூரித் தலைவர் என்னைப் பொஸ்டனில் சந்திப்பது வெள்ளிக்கிழமை. பிரென்டன் போய்வர இரண்டு நாள் வேண்டும். அத்தோடு அந்த நோயில் தாய் போய் உட்கார்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இதை நான் நூலில் படித்திருக்கிறேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாசித்தேன்: "அன்புள்ள அம்மா, நான் நல்ல சுகம். வெந்நீரில் கை புண்ணானதால் சிநேகிதி ஒருத்தி எனக்காக எழுதுகிறாள். அறையும் மாற்றிவிட்டேன், இது உலர்ந்த அறை. உயிர்த்த ஞாயிறுக்கு வருவேன்."

"இருமல்?"

"குறைந்துவிட்டதாம்."

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கடிதத்தை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன். "இல்லை, என்னட்டை இருக்கட்டும்" என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பொஸ்டனிலிருந்து வந்ததும் பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

பெப்ரவரி 23, வெள்ளி

பொஸ்டன். சந்திப்பு மிக நன்றாக நடந்தது. என் ஆங்கிலத்தைக் கல்லூரித் தலைவர் வியந்தார்.

பெப்ரவரி 25, ஞாயிறு

திருமதி கெரட்டி டீலியாவுக்குக் கையுறை பின்னுகிறார். புண் கைக்கு உரசாமல் இருக்க உள்ளே பழைய பட்டுத் துணி வைத்துத் தைக்கிறார். இன்று சொல்லலாம் என்று இருந்தேன். அவர் பாடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 4, ஞாயிறு

திருமதி கெரட்டி கோயிலிலிருந்து பிந்தி வந்தார். சமைக்கவில்லை. குசினி மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார்.

"இதை இன்னொருக்கா வாசியுங்கோ தம்பி."

வாசித்தேன். நல்ல சுகம், கைப்புண், உலர்ந்த அறை, உயிர்த்த ஞாயிறு.

"இன்னொருக்கா."

மறுபடியும் வாசித்தேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"அண்டைக்குச் 'சிநேகிதி எழுதுறா' எண்டு வாசிச்சனீங்கள். இப்ப 'பக்கத்து அறைக்காரி' எண்டு வாசிக்கிறியள்" என்றார். "எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருக்காக் கேட்டதை மறக்க மாட்டன்."

பிறகு இன்னொரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது சுவாமியாருக்கு வந்தது. அவர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். இப்ப நீங்கள் வாசியுங்கோ. உங்கட வாயாலை கேக்க வேணும்."

நான் வாசித்தேன். வைத்தியசாலைதான் எழுதியிருந்தது. முதல் கடிதத்துக்கு மறுமொழி இல்லாததால் சுவாமியாருக்கு எழுதுகிறோம். டீலியா கெரட்டி பெப்ரவரி 26, திங்கள் காலை இறந்தார். கடைசி மூன்று நாளும் ஹார்வெல் புகையிரதம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டிலை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார், போட்டோம். உடலைக் கேட்டு யாரும் வராததால் மார்ச் முதலாம் திகதி ஏழைகளுக்கான நகர நிலத்தில் அடக்கம் செய்தோம்.

"திருப்பி வாசியுங்கோ" என்றார்.

நான்கு முறை வாசித்தேன். அவர் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்திருந்தார். அழவில்லை. நான்காம் முறை, கட்டிலைத் திருப்பிப் போட்ட இடத்தில் வரி தவறி மறுபடி தொடங்கினேன். முடியும்வரை காத்திருந்தார்.

"மேரி டொலன் எண்ட பேரை ஆலைக்குச் சொன்னதும் நீங்கள்தானோ?"

நான் கடிதத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன். பொய் சொல்லக்கூடாது என்பதில் நான் எப்போதும் கண்டிப்பாக இருந்திருக்கிறேன்.

"எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ" என்றார். பிரென்டன் நகரசபைக்கு. என் மகளை எந்த இடத்தில் வைத்தீர்கள், குறி ஏதாவது உண்டா என்று கேட்டு. மறுமொழி சுவாமியாரின் விலாசத்துக்கே வரவேண்டும். தெளிவாக, நல்ல எழுத்தில் எழுதினேன். அவர் வாங்கி மடித்தார்.

"சுவாமியாரிட்டை வாசிப்பிச்சுப் பாத்துப்போட்டுத்தான் தபாலிலை போடுவன்" என்றார்.

மார்ச் 6

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இலையுதிர்காலத்தில் படிப்பு தொடங்கும். அதுவரை பிலதெல்பியாவிலேயே ஒரு மருந்துசாலையில் வேலைக்கு மிஸ்டர் தார்ன்பெரி சொல்லிவைத்திருக்கிறார்.

மாத முடிவில் நான் போவதால் வீட்டை ஒப்படைக்கும்படி திருமதி கெரட்டிக்குக் கடதாசி அனுப்ப வேண்டும் என்றார் மிஸ்டர் க்ரேன். வேறு எழுத்தனிடம் கொடுக்கும்படி கேட்டேன். "ஏன், உம்மட கை நோகுதோ?" என்றார். நானே எழுதினேன்.

மார்ச் 15

மூன்று வேளையும் சாப்பாடு வைக்கிறார். பாண், உருளைக்கிழங்கு, உப்பு மீன். ஒரு குறையும் இல்லை. நான் உட்கார்ந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

மார்ச் 31, சனி
ஹார்வெல் புகையிரத நிலையம்

என் வண்டிக்கு இன்னும் அரைமணி நேரம். பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன்.

திருமதி கெரட்டியும் இங்கே இருக்கிறார். காலையில் நான் எழும்ப முன்பே தன் கதவுத் திறப்பை அயலில் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டுவிட்டாராம். கையில் ஒரு மூட்டை; நல்ல கறுப்பு உடுப்பு. தனியாக வந்திருக்கிறார். இவ்வளவு சனத்துக்குள் ஒரு கணம் அவரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சிறியவராகத் தெரிந்தார்.

அவர் கையில் ஒரு கடதாசி. சுவாமியார் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். சிலர் தள்ளிவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு அருகில் வந்தபோது நான் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு அடுத்ததாக இருந்த, வேலை தேடி அலையும் கந்தல்கோட்டுக் கிழவனிடம் கடதாசியைக் கொடுத்தார்.

அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். பிரென்டன் வண்டி, மூன்றாம் மேடை.

"உண்மையாவோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றான்.

கடதாசியை வாங்கிக்கொண்டு மூன்றாம் மேடைப் பக்கம் நடந்தார்.

என்னிடம் கேட்டிருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.